எட்டுப் பெண்ணுக்கு ஒரு பையன்: வாஷிங்டன் 1943, போச்சம்பள்ளி இன்று

ஒரு பழைய அமெரிக்கப் படத்தில் ஒரு பெரியவர் கணக்கு சொல்வார்: இந்த ஊரில் ஒரு பையனுக்கு எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். ஊர் வாஷிங்டன், வருஷம் 1943. பையன்கள் எல்லாம் போருக்குப் போய்விட்டார்கள், அரசு அலுவலகங்களில் டைப் அடிக்கவும் கோப்பு அடுக்கவும் நாடு முழுவதிலிருந்தும் பெண்கள் ரயிலேறி வந்து இறங்குகிறார்கள். வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. படுக்க இடம்தான் இல்லை.

போச்சம்பள்ளி சிப்காட் பக்கம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஜோக்காகத் தெரியாது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ், இறங்குகிறவர்களில் ஏகப்பட்ட பேர் இருபது வயசு சுற்றியிருக்கிற பெண்கள். பர்கூர் பக்கம் ஷூ, ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர். 2021 செப்டம்பரில் ஓலா எலக்ட்ரிக் தன்னுடைய போச்சம்பள்ளி தொழிற்சாலையைப் பத்தாயிரம் பெண்களை வைத்தே நடத்தப்போவதாக அறிவித்தது. அறிவித்தபடி எல்லாம் நடந்ததா என்பது வேறு கதை. ஆனால் அப்படி ஒரு அறிவிப்பை நம்பும்படி இந்த வட்டாரம் மாறிவிட்டது என்பது உண்மை.

அதனால்தான் எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கறுப்பு வெள்ளைக் காதல் காமெடியைப் பற்றி இங்கே பேசவேண்டியிருக்கிறது. படத்தின் பெயர் 'தி மோர் தி மெரியர்'. கூட்டம் கூடக்கூடக் கொண்டாட்டம் என்று சொல்லலாம். கொலம்பியா கம்பெனி தயாரிப்பு, இயக்கம் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ்.

கதை ரொம்பச் சின்னது. கானி மில்லிகன் (ஜீன் ஆர்தர்) தனியாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். ஊரில் இவ்வளவு இட நெருக்கடி இருக்கும்போது தான் மட்டும் ஒரு வீட்டை வைத்துக்கொண்டிருப்பது நாட்டுக்குச் செய்கிற துரோகம் என்று பாதியை வாடகைக்கு விட விளம்பரம் கொடுக்கிறாள். அவள் எதிர்பார்ப்பது ஒரு பெண்ணை. வந்து சேருவது டிங்கிள் (சார்லஸ் கோபர்ன்) என்ற வயசான பணக்காரர். வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்க அரசுக்கு ஆலோசனை சொல்ல வந்தவருக்கே ஹோட்டலில் ரூம் இல்லை! வாசலில் காத்திருக்கிற கூட்டத்திடம் "வீடு போயிடுச்சு" என்று தானே வீட்டுக்காரர் மாதிரி சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டு உள்ளே நுழைகிறார். அப்புறம் தன் பாதியில் ஒரு பாதியை ஜோ கார்ட்டர் (ஜோயல் மெக்ரே) என்ற ராணுவ சார்ஜெண்டுக்கு உள்வாடகைக்கு விடுகிறார், கானிக்குச் சொல்லாமலே. ஜோ கையில் ஒரு விமான புரொப்பல்லரோடு வருகிறான். இன்னும் சில நாளில் அவனைக் கடல் கடந்து அனுப்பிவிடுவார்கள்.

மிச்சத்தை யாரும் ஊகித்துவிடலாம். கானிக்கு ஏற்கெனவே ஒரு அதிகாரியோடு நிச்சயம் ஆகியிருக்கிறது, நல்ல சம்பளம், நல்ல பதவி, கொஞ்சமும் சுவாரசியம் இல்லாத ஆள். டிங்கிள் அதை உடைத்து இவளையும் ஜோவையும் சேர்த்துவைக்கக் கிளம்புகிறார். கோபர்னுக்கு அந்த வேஷம் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது.

ஆனால் இந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம் காதல் கதையில் இல்லை. இந்தப் படத்தில் வில்லன் வாடகைதான், ஹீரோவும் வாடகைதான். காலையில் யார் எத்தனை மணிக்குக் குளியலறைக்குப் போவது, யார் எப்போது காபி போடுவது என்று கானி நிமிஷக் கணக்கில் ஒரு அட்டவணை போட்டுக் கொடுப்பாள். அந்த அட்டவணை முதல் நாளே குப்புற விழுகிற காட்சி படத்தின் பெரிய சிரிப்பு. ஒரு குளியலறைக்குப் பத்துப் பேர் என்று விடுதியில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். அட்டவணை, மெல்லிய சுவர், பக்கத்து வீட்டுப் பையனின் வேவு, இரவில் பேச ஒரு இடம் இல்லாமல் வாசல் படிக்கட்டில் உட்கார வேண்டியிருப்பது எல்லாம் இடப் பற்றாக்குறையில் பிறந்தவை. காதலும் அதிலேயே பிறக்கிறது.

அந்தச் சுவர்க் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு பேரும் தனித்தனி அறையில் தனித்தனிக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள், நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு. கேமரா இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது ஒரே கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருப்பது மாதிரி இருக்கும். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை ரொம்பக் கறார். விதியை மீறாமலேயே விதியைக் கேலி செய்தார் ஸ்டீவன்ஸ். சுவர் வழியாகவே ஜோ தன் காதலைச் சொல்கிறான். சொல்லி முடிப்பதற்குள் எஃப்.பி.ஐ. ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள். ஜோ ஜப்பானிய உளவாளி என்று பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக்கொடுத்துவிட்டான்!

இங்கேதான் நம் ஊர்க் கதை குறுக்கே வருகிறது. அதே போர், அதே ஜப்பானிய உளவாளி பயம், சேலத்தில் எப்படிப் படமானது தெரியுமா?

போச்சம்பள்ளி அப்போது சேலம் மாவட்டம். 1965ல் தருமபுரி பிரிந்தது, 2004ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. 1945ல் அந்தச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 'பர்மா ராணி' எடுத்தது. போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களை வெள்ளைக்கார அரசு நெருக்கிய காலம். பிலிம் சுருளே அரசு அனுமதித்தால்தான் கிடைக்கும், படமும் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. டி.ஆர்.சுந்தரம் இயக்கினார். கே.எல்.வி.வசந்தா ராணி, கன்னட நாட்டிலிருந்து வந்த ஹொன்னப்ப பாகவதர் ஹீரோ. ஜப்பான்காரர்கள் பிடித்துவைத்திருக்கிற பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப் படை வீரர்களின் கதை. ஜப்பானிய அதிகாரியாக முதலாளி சுந்தரமே நடித்தார். கே.சுப்பிரமணியமும் போர் ஆதரவுப் படமாக 'மானசம்ரட்சணம்' எடுத்தார்.

வாஷிங்டன் படத்தில் ஜப்பானிய உளவாளி என்பது ஒரு சின்னப் பையனின் கற்பனை, வெறும் சிரிப்பு. சேலத்துப் படத்தில் ஜப்பான்காரன் முழு நீள வில்லன். இதை வைத்து ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று சொல்லிவிட முடியாது. வாஷிங்டன் மேல் குண்டு விழவில்லை. சென்னை மேல் 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டது. அதற்கு முன்பே 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் சென்னையே காலியானது. வாஷிங்டனில் ஒரு அறைக்கு நூறு பேர் வரிசையில் நின்ற காலத்தில் சென்னையில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பியவர்கள் எங்கே தங்கினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள், என்ன வாடகை கொடுத்தார்கள்? ஒரு காமெடிக்கு வேண்டிய எல்லாமும் அங்கே இருந்தது. அரசு கேட்டது வீரத்தை. கம்பெனிகளும் வீரத்தையே கொடுத்தன.

அதற்காகத் தமிழ் சினிமாவுக்கு வாடகை தெரியாது என்று சொன்னால் அது அநியாயம். 1955ல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி ஒரே கூரைக்குக் கீழே வந்து மாட்டிக்கொள்வார்கள். டிங்கிள் இல்லாத குறை ஒன்றுதான்! 1968ல் கே.பாலசந்தரின் 'எதிர் நீச்சல்' பல குடித்தனங்கள் இருக்கிற ஒரு வீட்டில், எல்லோருக்கும் எடுபிடி செய்து படிக்கிற நாகேஷை வைத்து நம்மைச் சிரிக்கவும் வைத்தது, கலங்கவும் வைத்தது. ஆக, இந்தச் சரக்கு நம்மிடம் இல்லாதது இல்லை.

ஆனால் ஊர் விட்டு வந்து விடுதியில் தங்கி வேலை செய்கிற இளம் தொழிலாளிகள் என்று வந்துவிட்டால் மட்டும் தமிழ் சினிமாவுக்கு உடனே கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிடும். 2010ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தது. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை, நெரிசலான தங்குமிடம், பேசினாலே அடி. ரொம்ப நேர்மையான படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "ஐயோ பாவம்." அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே கடையில் தீபாவளித் துணி.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான். பாவம் என்று நினைக்கப்படுகிறவர்களுக்கு யாரும் சாவி கொடுப்பதில்லை. பூட்டுதான் போடுகிறார்கள், அதுவும் பாதுகாப்பு என்ற பெயரில். காமெடியில் வருகிற ஆள் வேறு. அவளுக்கு விருப்பு வெறுப்பு உண்டு, கோபம் உண்டு, அட்டவணை போடுகிற திமிர் உண்டு, தப்பான ஆளோடு நிச்சயம் செய்துகொண்டு அப்புறம் மாற்றிக்கொள்கிற உரிமையும் உண்டு. கானி யாருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை. வீடு அவள் பெயரில் இருக்கிறது, வாடகை அவள் வாங்குகிறாள், வெளியே போ என்று அவள் சொன்னால் மற்ற இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கவேண்டும். அந்த ஒரு விஷயம் இருப்பதால்தான் நம்மால் நிம்மதியாகச் சிரிக்க முடிகிறது.

நிஜ வாஷிங்டனில் எல்லாப் பெண்களுக்கும் கானி மாதிரி வாய்த்துவிடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டன் ஃபார்ம்ஸ் என்று அரசே ஒரு பெரிய விடுதிக் குடியிருப்பு கட்டியது, சுமார் ஏழாயிரம் பெண்களுக்கு. வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும்! அதே அரசுக்கு அதே வேலை செய்த கறுப்பினப் பெண்களுக்குத் தனி விடுதிகள். இந்த விஷயம் படத்தில் ஒரு வரி கூட இல்லை. படத்தின் பெரிய ஓட்டை இது. வீடு கிடைக்காதது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கிறது என்று படம் நம்பவைக்கிறது. நடப்பது அப்படி இல்லை. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ரூம் தேடிப் போன யாரையாவது கேட்டுப் பாருங்கள். "வாடகை எவ்வளவு?" என்று இவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே "எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று அவர்கள் கேட்டுவிடுவார்கள்.

இங்கே காதல் காமெடி என்பது விளையாட்டுச் சமாச்சாரமும் இல்லை. 2018 நவம்பரில் ஓசூர் பக்கத்துச் சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதி, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் காவிரியில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்கள். கல்யாணமாகி மூன்று மாசம்தான். வேலை கொடுத்த ஊரால் அவர்களுக்கு ஒளிந்து வாழ ஒரு கதவைக் கொடுக்க முடியவில்லை. இப்படிப்பட்ட ஒரு மாவட்டத்தில் இரண்டு பேர் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று பேசி, மறுநாள் உயிரோடு எழுந்து வேலைக்குப் போவது என்பது சாதாரணக் கற்பனை இல்லை.

சரி, இப்போது தங்குவதற்கு என்னதான் ஏற்பாடு? 1980களின் இறுதியில் டைட்டன் ஓசூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தபோது, சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, வாடகை வீடுகளில் தங்கவைத்து, பெற்றோர் ஸ்தானத்தில் கவனித்துக்கொள்ள ஆட்களையும் வைத்தது. டிங்கிளையே சம்பளத்துக்கு வைத்த மாதிரி! சில நூறு பேருக்கு அது சரிப்பட்டது. இன்றைக்கு எண்ணிக்கை ஆயிரங்களில். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது, 18,720 பெண்கள் தங்கலாம், செலவு 706.50 கோடி. ஆர்லிங்டன் ஃபார்ம்ஸைவிட இரண்டரை மடங்கு. நல்ல கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. 2021 டிசம்பரில் அதே ஸ்ரீபெரும்புதூரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மற்றவர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான் தங்குமிடம் பற்றி எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். 2025 நவம்பரில் ஓசூர் அருகே நாகமங்கலத்தில் பெண்கள் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா பிடிபட்டு, பெண்கள் இரவோடு இரவாகத் திரண்டு போராடினார்கள். விடுதி என்றால் கட்டில், சாப்பாடு, பஸ் என்பதோடு முடிந்துவிடவில்லை. தாழ்ப்பாளும் அதில் சேர்த்தி.

தாழ்ப்பாள் என்றதும் படத்தின் இன்னொரு உறுத்தலையும் சொல்லிவிடவேண்டும். டிங்கிள் கானியின் டைரியை எடுத்துப் படிக்கிறார், ஜோவுக்கும் படித்துக் காட்டுகிறார். 1943 ரசிகர்கள் அதற்குச் சிரித்திருப்பார்கள். இன்றைக்கு அது சிரிப்பாக இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் ஒரு பெண்ணின் அறைக்குள் கை நீட்டுகிற வேலை அது. ஆனால் படம் இதை அப்படியே விட்டுவிடவில்லை. டைரி விஷயம் தெரிந்ததும் கானி இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்கிறாள். அவள் வீடு, அவளால் சொல்ல முடிகிறது. விடுதியில் இருக்கிற பெண் யாரைப் பார்த்து வெளியே போ என்று சொல்லுவாள்? வார்டனையா?

கடைசியில் கானிக்கும் ஜோவுக்கும் கல்யாணம் நடப்பதும் சுத்தமான காதலால் இல்லை. இருவரும் ஒரே முகவரியில் இருப்பது பத்திரிகைக்குத் தெரிந்துவிடுகிறது, மானம் போய்விடும், அதனால் அவசரமாக ஒரு கல்யாணம், அப்புறம் ரத்து செய்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம். ஊர் வாய்க்குப் பயந்து தாலி கட்டுவது நமக்குப் புதுசா என்ன? வித்தியாசம், அங்கே ஊர் வாய் பேசியது, கத்தி எடுக்கவில்லை. அவர்கள் திரும்பி வரும்போது டிங்கிள் நடுச்சுவரையே எடுத்துவிட்டிருக்கிறார். அரசு ஆலோசகர் படம் முழுக்கச் செய்த ஒரே கட்டுமான வேலை அதுதான்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இந்தப் படத்தை முடித்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். நார்மண்டியில் படை இறங்கியதையும் டாஹாவ் வதை முகாமையும் படம் பிடித்தார். திரும்பி வந்த பிறகு அவர் காமெடி எடுக்கவே இல்லை. கதை மட்டும் நிற்கவில்லை. 1966ல் 'வாக், டோன்ட் ரன்' என்ற பெயரில் டோக்கியோவுக்குப் போனது. 1964 ஒலிம்பிக்ஸ் நேரம், ஊரில் ரூம் இல்லை, பெரியவர் வேஷத்தில் கேரி கிராண்ட். அவருடைய கடைசிப் படம் அது. போர் வேண்டும் என்பதில்லை, ரூம் கிடைக்காத ஊர் இருந்தால் போதும் என்று டோக்கியோ காட்டிவிட்டது.

அப்படியென்றால் போச்சம்பள்ளிக்கு என்ன குறைச்சல்? மூன்று ஷிஃப்ட், மூன்று மொழி, தெலுங்கும் கன்னடமும் கலந்த வட்டாரத் தமிழ், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, மாடியில் தகரக் கூரை போட்டு இரண்டு ரூமை ஆறு ரூமாக்கி வாடகைக்கு விடுகிற ஒரு கவுண்டர் தாத்தா, பகல் ஷிஃப்ட்காரியும் நைட் ஷிஃப்ட்காரியும் ஒரே பாயை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது. இதில் அழுவதற்கு நிறைய இருக்கிறது, அதை எடுக்க ஆட்களும் இருக்கிறார்கள். சிரிக்கவும் நிறைய இருக்கிறது. அந்தச் சிரிப்பை எடுக்கிறவர் ஒரே ஒரு நிபந்தனையைக் காப்பாற்றினால் போதும்: வாடகை ஒப்பந்தம் அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும், சாவி அவள் இடுப்பில் இருக்கட்டும். அப்புறம் அவள் யாரைக் காதலிக்கிறாள், யாரைத் துரத்துகிறாள் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.